அழிவுக்குச் செவி, பாட்டுக்குச் செவிடு

2010 ஜனவரியில் போவா சீனியர் மறைந்தார். அந்தமானின் அக்கா-போ மொழியைப் பேசிய இறுதி மனிதர் அவர். மொழியியலாளர் அன்விதா அப்பி பதிவுசெய்த அவருடைய குரல் அன்று தொட்டு மொழியழிவு பற்றிய உரைகளுக்கு முகப்பாகிவிட்டது. குரல் ஒலிக்கும்; அவை உருகும்; பேச்சாளர் அடுத்த படவில்லைக்கு நகர்வார். பாடப்பட்டது என்ன, அதன் தாளம் எங்கே விழுகிறது என்று எவரும் கேட்பதில்லை. இரங்கல் எளிது, கேட்பதற்குப் பயிற்சி வேண்டும்.

பயிற்சியின்மையைக் கல்விப்புலம் தீர்ப்பாக மாற்றிக்கொள்கிறது. "இரண்டு மூன்று சுரங்கள்தானே, இதில் இசை எங்கே?" என்பது அத்தீர்ப்பு. அது புதிதன்று. 1888இல் அந்தமானியர் இசை பற்றி எழுதிய ஆங்கிலேய அதிகாரி போர்ட்மனும் அதன் குறுகிய சுர எல்லையைத்தான் அளந்தார். அளவுகோல் ஐரோப்பியருடையதாக இருந்தால் என்ன, கருநாடக இசையுடையதாக இருந்தால் என்ன? பிழை ஒன்றே.

இதே வகுப்பறைகளில் அமெரிக்காவின் லூசியானா மாநிலக் கறுப்பினக் கிரியோல் மக்களின் சைடெக்கோ இசைக்கு இந்த அவமதிப்பு நேர்வதில்லை. ஓரிரு கார்டுகளிலேயே நெடுநேரம் சுழலும் பாடல்கள் அதிலும் உண்டு. ஆயினும் கிளிஃப்டன் செனியரைக் கேட்கும் மாணவர், அக்கார்டியனுக்கு அடியில் மார்பில் அணிந்த நெளிதகடு எழுப்பும் உரசலைப் பின்தொடரக் கற்கிறார். அது ஆடுவோருக்கான இசை என்று அறிந்து கேட்கிறார். லூசியானாவுக்குக் கிடைக்கும் அந்தப் பொறுமை, தமிழும் வழங்கும் அந்தமானுக்கு ஏன் கிடைப்பதில்லை?

கேட்க வழி இல்லாமலும் இல்லை. ராட்கிளிஃப்-பிரவுன் 1922இல் வெளியிட்ட நூல் அதற்கான திறவுகளைத் தருகிறது. கேடயம் போல் செதுக்கிய மரப்பலகையைப் பாடுபவர் காலால் அடித்துத் தாளமிடுவார். பெண்கள் அமர்ந்து தொடையில் கைதட்டியபடி பல்லவியில் சேர்வர். ஆண்கள் ஆடுவர். ஆமை வேட்டை, பன்றி வேட்டை, ஓடம் செதுக்குதல் ஆகியன பாடுபொருள்கள். ஒவ்வொருவரும் தாம் இயற்றிய பாடலையே பாடுவர். ஒரே கீர்த்தனையை ஆயிரம் பேர் பாடக் கேட்டு வளர்ந்த செவி இங்கே வேறொன்றைத் தேட வேண்டும்: இவர் இன்று புதிதாக என்ன இயற்றினார், சொல்லைத் தாளத்துக்கு எப்படி வளைத்தார்? சுரங்களை மட்டும் எண்ணுபவர் குறளில் சீர்களை எண்ணிவிட்டு, ஏழுதானா என்று உதடு பிதுக்குபவருக்கு ஒப்பானவர்.

அந்நூலின் கதியும் கவனிக்கத்தக்கது. நடனம் சமூகத்தைப் பிணைக்கிறது என்ற அதன் கோட்பாடு மானிடவியல் பாடத்திட்டங்களில் வேரூன்றியது, பாட்டு வேரூன்றவில்லை. பாட்டு சான்றானது, கலையாகவில்லை.

இதற்கு மாற்று, ஒலிப்பதிவுக் கருவியுடன் தீவுக்குப் படையெடுப்பதன்று. பழங்குடிப் பகுதிகளில் அயலார் நுழைவதை 1956ஆம் ஆண்டின் பாதுகாப்பு ஒழுங்குவிதி கட்டுப்படுத்துகிறது, அது சரியானதே. கிடைப்பதைக் கேட்டாலே போதும். பெரிய அந்தமானியரின் கதைகளையும் பாடல்களையும் தொகுத்து அப்பி 2021இல் நூலாக வெளியிட்டிருக்கிறார். அதை மொழியியல் துறையின் அலமாரியிலிருந்து இசைத்துறையின் வகுப்பறைக்குக் கொண்டுவர எந்த அனுமதிச்சீட்டும் வேண்டியதில்லை. ஒரு பாடலை எடுத்து, முதல்முறை காலடித் தாளத்தை மட்டும், இரண்டாம்முறை சொற்கள் நீள்வதையும் குறுகுவதையும், மூன்றாம்முறை பொருளோடு முழுமையையும் கேட்கச் செய்யலாம். இயற்றியவர் பெயர் தெரிந்தால் அதைச் சொல்லியே தொடங்க வேண்டும்.

"இறுதிக் குரல்" என்ற அடைமொழி அதன்பின் வரட்டும். இயற்றிப் பாடிய ஒருவரைப் பாடகராக மதிக்க மறுத்து, மறைவுக்கு மட்டும் கண்ணீர் சிந்தும் புலமை, அவரை இரண்டாம் முறை புதைக்கிறது.