ஃபேன் நின்றால் கரண்ட் நின்றதா?

திருப்பூரில் பனியன் கம்பெனிகளை ஒட்டிய லைன் வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு ரூம், ஒரு சமையல் மூலை, சுவரில் குண்டு பல்புக்காக எப்போதோ போட்ட ஒரு சுவிட்ச். வெயில் வந்ததும் அதே வயரில் சீலிங் ஃபேன் ஏறிவிடும். மாட்டித் தருவது பக்கத்து ரூம்காரராக இருக்கும்.

"இந்த சுவிட்ச் ஃபேனைத் தாங்குமா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். தாராளமாகத் தாங்கும். 75 வாட் ஃபேன் 230 வோல்ட்டில் இழுப்பது சுமார் 0.33 ஆம்பியர். சாதாரண சுவிட்ச் 6 ஆம்பியர் தாங்கும். கேட்க வேண்டியது வேறு... அந்த சுவிட்ச் துண்டிப்பது ஃபேஸையா, நியூட்ரலையா?

நியூட்ரலைத் துண்டித்தாலும் ஃபேன் சமர்த்தாக நின்றுவிடும். ஆனால் ஃபேஸ் நேராக மேலே போய் மோட்டாருக்குள் உட்கார்ந்திருக்கும். மெயினை அணைக்காமல், சுவிட்சை மட்டும் அணைத்த தைரியத்தில் ஸ்டூல் மேல் ஏறி கெப்பாசிட்டர் மாற்றுகிறவர் கை வைப்பது முழு 230 வோல்ட்டில். சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல் என்பதெல்லாம் பாடப் புத்தகத்தில். பழைய வீட்டுச் சுவருக்குள் இரண்டும் ஒரே நிறத்தில் கிடக்கும்!

சுவிட்ச் ஆஃபில் இருக்கும்போது சீலிங் ரோஸில் டெஸ்டர் பளிச்சென்று எரிந்தால் இணைப்பு தலைகீழ். அரசுச் சான்று பெற்ற வயர்மேனுக்கு அது சின்ன வேலை. "உன் ஃபேன், உன் செலவு" என்று வீட்டுக்காரர்கள் சொல்வதுதான் அநியாயம். ஃபேன் வாடகைக்காரருடையது, சரி. சுவருக்குள் ஓடும் வயர் யாருடையது? அட்வான்ஸை எண்ணி வாங்குகிறவர் வயரிங்கைச் சரிபார்த்து, மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றையும் மாட்டிவிட்டு, அப்புறம் சாவியைக் கொடுக்கட்டும்.