ருசி பார்க்க ஆம்பளையா இருக்கணுமா?

பெல்ஜியத்தில் ஹூகார்டன் என்று ஒரு ஊர். அங்கே வழக்கொழிந்து போயிருந்த கோதுமை பியரை 1960களில் திரும்பக் கொண்டுவந்தவர் பியேர் செலிஸ். பார்லி, கோதுமை, காய்ந்த தோடம்பழத் தோல், கொத்தமல்லி விதை. அந்த வகையில் ஒரு போத்தல் எங்கட கைக்கு வந்தது. ஆண்களும் பெண்களுமாகச் சுற்றியிருந்து ருசி பார்த்தோம். கலங்கின வெளிர் மஞ்சள் நிறம். முதல்ல தேசிக்காய் மாதிரி மெல்லிய புளிப்பு. பின்னால, காய்ச்சலுக்கு அவிச்சுக் குடிக்கிற கொத்தமல்லியின் வாசம். கசப்பு குறைவு. கண்டியின் ஏப்ரல் வெயிலுக்கு நல்லாவே பொருந்துது.

இதை எழுதப் போறோம் என்றதும் வந்த கேள்வி: "பொம்பளப் பிள்ளைகளும் குடிச்சதையா எழுதப் போறீங்க?"

ஓம், அதைத்தான்.

கண்டியில் பியரை ருசி பார்த்து எழுதுறது புதுசில்ல. பிரிட்டிஷ் பியர் எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சன் (பாடகர் இல்ல) இங்கே வந்து லயன் ஸ்டவுட்டைக் குடிச்சுப் புகழ்ந்து எழுதினார். அதைப் பெருமையாச் சொல்றோம். வெள்ளைக்காரர் குடிச்சா ரசனை, எங்கட தோழி குடிச்சா கலாசாரச் சீரழிவா?

மதுக்கடைகளில் பெண்களுக்கு மது விற்கக் கூடாது என்ற விதி 1979இல் வந்தது. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்கினார். சில நாட்களிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த முடிவைத் திரும்பப் பெறச் சொன்னார். பெண் என்ன வாங்கலாம் என்று ரெண்டு ஆண்கள் முடிவெடுத்தாங்க, மாத்தினாங்க. அவளிட்ட யார் கேட்டது?

"மலையகத்தைக் குடி அழிச்சது காணாதா?" என்பீங்க. உண்மைதான். சம்பள நாளில் தவறணைக்குப் போன காசு வீடு திரும்பாத கதை லயத்தில் எல்லாருக்கும் தெரியும். ஆனா அந்தக் காசைக் கொண்டுபோனது யார்? குடிச்சிட்டு வந்து அடிச்சது யார்? அடி வாங்கினவளுக்குத்தான் தடை, அடிச்சவனுக்குக் கடை திறந்தே இருந்தது. குடியில உண்மையாக் கவலை இருந்தா, தோட்டத்து வாசலில் தவறணைக்கு லைசன்ஸ் குடுக்கிறதைப் பற்றிப் பேசுங்க. கசிப்பு விக்கிறவனைப் பற்றிப் பேசுங்க.

நாங்க யாரையும் குடிக்கச் சொல்லல. எங்கட கூட்டத்திலேயே தொடாதவங்க இருக்காங்க. வேண்டாம் என்று சொல்றதும் ஒருத்தியின் முடிவுதான். அந்த முடிவை அவள் எடுக்கட்டும். கவுண்டருக்குப் பின்னால நிக்கிறவர் போத்தலையும் மிச்சக் காசையும் குடுத்தாப் போதும்.