இருட்டைப் படம் எடுப்பது ஏன்?



1800ஆம் ஆண்டு வில்லியம் ஹேர்ஷல் என்ற வானியலாளர் சூரிய ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து, அதில் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்புக்கு அப்பால், கண்ணுக்கு எதுவும் தெரியாத இடத்திலும் வெப்பமானி ஏறியது. அதுவே செங்கீழ்க் கதிர். எரியும் அடுப்பும் நமது உடம்பும்கூட இக்கதிரை வெளிவிடுகின்றன.

நமது பால்வீதியின் நடுப்பகுதியைத் தூசிப் படலங்கள் மறைத்திருக்கின்றன. சாதாரண ஒளி அவற்றைக் கடந்து நம்மிடம் வராது. செங்கீழ்க் கதிர் வரும். ஹவாயின் மௌனா கேயா மலையில், 4,100 மீற்றருக்கும் மேலான உயரத்தில், 10 மீற்றர் ஆடியுடைய கெக் தொலைகாட்டிகள் இரண்டு உள்ளன. அங்கிருந்து இக்கதிரில் படம்பிடித்துத்தான், சூரியனைப் போல் சுமார் 40 இலட்சம் மடங்கு திணிவுள்ள ஏதோ ஒன்றை நட்சத்திரங்கள் சுற்றி வருவதை அண்ட்ரியா கெஸ் என்ற பெண் விஞ்ஞானி கண்டறிந்தார். 2020ஆம் ஆண்டின் பௌதிகவியல் நொபெல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது.

இத்தகைய கெமராவை இயக்குபவர்கள், எடுத்த படத்தை அப்படியே நம்பிவிடுவதில்லை. ஒளி புகாமல் மூடிவிட்டு, நட்சத்திரத்துக்கு எத்தனை செக்கனோ அத்தனை செக்கன் வெறும் இருட்டையும் படம் எடுப்பார்கள். கருவியைக் கடுங்குளிரில் வைத்திருந்தும் அப்படத்தில் புள்ளிகள் தெரியும். அவை கெமராவின் சொந்தக் குறைகள். அடுத்து, ஒரே சீராக வெளிச்சம் படும் திரையையோ அந்தி வானத்தையோ எடுப்பார்கள். எங்கே தூசி, எங்கே மங்கல் என்பது அதில் தெரிந்துவிடும். இக்கதிரில் வானமே மினுங்குவதால், தொலைகாட்டியைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து அதையும் பிரித்தறிவார்கள். இவற்றையெல்லாம் நீக்கிய பின்னரே நட்சத்திரத்தைப் பற்றிப் பேசுவார்கள்.

சகோதரிகளே! உயிரற்ற நட்சத்திரத்துக்கே இத்தனை பேணுதல் என்றால், ஒரு முஃமினான பெண்ணின் மானத்துக்கு எவ்வளவு பேணுதல் வேண்டும்?

மருமகள் ஒரு நாள் பேசாமல் இருக்கிறாள். "பெருமை பிடித்தவள்" என்கிறார் மாமி. அது அவளுடைய பெருமையா, மாமியின் கல்பிலிருந்த பழைய சூடா? மாமி ஒரு வார்த்தை சொல்கிறார். "குத்திப் பேசுகிறார்" என்கிறாள் மருமகள். அன்றிரவே பேச்சு நான்கு வீடுகளுக்குப் போகிறது. இப்படித் தொடங்கியவை தலாக் வரை போனதும் உண்டு. சூரத்துல் ஹுஜுராத்தின் 12ஆம் வசனம் முதலில் தீய எண்ணத்தையும், பிறகு துருவித் தேடுவதையும், அதன் பின் புறம் பேசுவதையும் தடுக்கிறது. இந்த வரிசையைச் சிந்தித்துப் பாருங்கள்.

எல்லாப் படங்களிலும் அதே இடத்தில் அதே கறை தெரிந்தால், அது வானத்தின் கறையல்ல, கெமராவின் கறை. மாமியும் சரியில்லை, மதினியும் சரியில்லை, அயல்வீடும் சரியில்லை என்று தோன்றினால், இஷாவுக்குப் பின் ஐந்து நிமிடம் தனித்திருந்து நம்மை நாமே கணக்குக் கேட்போம். இன்று எனக்குக் களைப்பா? கோபமா? பொறாமையா?

அநியாயத்தைப் பொறுத்துக்கொண்டே இருங்கள் என்று நான் சொல்லவில்லை. நமது கறையைக் கழித்த பின்னும் படத்தில் நிற்பது உண்மை. அதைப் பொறுப்பானவர்களிடம் தயங்காமல் சொல்லி நியாயம் கேளுங்கள்.

வல்ல அல்லாஹ் நமது கல்புகளைத் தூய்மையாக்கி, குடும்பங்களில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.