ஆட்டத்தை விற்றவருக்கு தாதா சட்டம் எதற்கு?

2013 மே மாதம் ஐபிஎல் சூதாட்ட வழக்கில் ஸ்ரீசாந்த், அங்கீத் சவான், அஜித் சண்டிலா ஆகிய மூன்று ராஜஸ்தான் ராயல்ஸ் வீரர்களை டெல்லி போலீஸ் கைது செய்தது. ஜூனில் வழக்கில் மோக்கா சட்டமும் சேர்ந்தது. பின்னணியில் தாவூத் இப்ராஹிம் கும்பல் இருக்கிறது என்பது போலீஸ் சொன்ன காரணம்.

மோக்கா என்பது மும்பை தாதாக்களை ஒடுக்க 1999இல் மகாராஷ்டிரா கொண்டுவந்த சட்டம். பின்னர் டெல்லிக்கும் நீட்டிக்கப்பட்டது. சாதாரண வழக்கில் போலீசிடம் தரும் வாக்குமூலம் சாட்சியமாகாது. மோக்காவில் எஸ்.பி. நிலை அதிகாரி பதிவு செய்தால் அது சாட்சியம். குற்றப்பத்திரிகைக்கு 180 நாள் வரை அவகாசம். 'இவர் குற்றவாளி இல்லை' என்று நம்ப நீதிபதிக்குக் காரணம் கிடைத்தால்தான் ஜாமீன்.

முடிவு என்ன ஆனது? ஒரு மாதத்துக்குள் ஸ்ரீசாந்துக்கு ஜாமீன். 2015 ஜூலையில், போதிய ஆதாரம் இல்லை என்று 36 பேரையும் நீதிமன்றம் விடுவித்தது. விசாரணையே தொடங்கவில்லை. ஆட்டம் விற்கப்பட்டதா இல்லையா என்ற கேள்விக்கு அந்த நீதிமன்றத்தில் விடையே கிடைக்கவில்லை.

அதே மே மாதம் சென்னை சூப்பர் கிங்ஸின் குருநாத் மெய்யப்பனை மும்பை போலீஸ் கைது செய்தது. அவர் அன்றைய கிரிக்கெட் வாரியத் தலைவரின் மருமகன். அவர்மீது சாதாரணச் சட்டங்கள்தான். இரண்டு வாரத்துக்குள் ஜாமீன். அதில் தவறில்லை. பந்தயம் கட்டியவருக்கு தாதா சட்டம் தேவையில்லை. அந்த நிதானம் ஏன் எல்லாருக்கும் கிடைப்பதில்லை என்பதுதான் நம் கேள்வி.

ஸ்ரீசாந்துக்கு கேமராக்கள் இருந்தன, நல்ல வக்கீல்கள் இருந்தார்கள். 2006 மாலேகான் குண்டுவெடிப்பு வழக்கில் இதே மோக்காவில் சிக்கிய முஸ்லிம்கள் ஆண்டுக்கணக்கில் சிறையில் கிடந்தார்கள். 2016இல்தான் நீதிமன்றம் அவர்களை வழக்கிலிருந்து விடுவித்தது. நாட்டின் விசாரணைக் கைதிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் தலித். மக்கள்தொகையில் நாம் 16.6 சதவீதம். ஜாமீனைக் கடினமாக்கும் எந்தச் சட்டமும் முதலில் யார் வீட்டுக் கதவைத் தட்டும் என்று சொல்லவேண்டியதில்லை.

அப்படியென்றால் மேட்ச் பிக்ஸிங் குற்றமில்லையா? குற்றம்தான். ஆனால் அதற்கென்று சட்டம் வேண்டும். 2013இல் தயாரான வரைவு மசோதா சட்டமாகவில்லை. தனிக் குற்றமாக்கும்படி 2018இல் சட்ட ஆணையம் பரிந்துரைத்தது. 2022இல் கர்நாடக உயர் நீதிமன்றம், மேட்ச் பிக்ஸிங் 420ஆவது பிரிவின் மோசடிக்குள் வராது என்றே சொல்லிவிட்டது. செய்யவேண்டிய சின்ன வேலையைச் செய்யாமல், கையில் கிடைத்த பெரிய தடியை எடுக்கிறார்கள்.

அந்தத் தடி இப்போது நம் ஊருக்கும் வந்துவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 111ஆவது பிரிவு, திட்டமிட்ட குற்றத்தை நாடு முழுக்கத் தனிக் குற்றமாக்கியிருக்கிறது. 112ஆவது பிரிவு 'சிறு திட்டமிட்ட குற்றம்' பற்றியது. கும்பலாகச் செய்யும் திருட்டு, கள்ள டிக்கெட் விற்பனை, சூதாட்டம், 'இதுபோன்ற பிற செயல்கள்' எல்லாம் அதில் அடக்கம். தண்டனை 1 முதல் 7 ஆண்டு. 'பிற செயல்கள்' எவை என்று முதலில் முடிவு செய்யப்போகிறவர் உங்கள் ஊர் இன்ஸ்பெக்டர்.

சட்டம் படிக்கும் தோழர்கள் இந்த இரண்டு பிரிவுகளையும் இந்த வாரமே எடுத்துப் படியுங்கள். உங்கள் பகுதி நீதிமன்றத்தில் 112 யார்மீது போடப்படுகிறது என்று எழுதிவையுங்கள். கணக்கு நம் கையில் இருந்தால்தான் கேள்வி கேட்க முடியும்.