ஊரே குடியிருக்கும் கோயில்

விடுமுறை வந்தால் கடன் வாங்கி ஊட்டிக்குப் போகிறவர்கள் உண்டு. திருச்சிக்காரர்களுக்கு அது எதற்கு? நாலு நண்பர்கள் சேர்ந்து முதலாம் நம்பர் பஸ்ஸில் ஏறினால் ஸ்ரீரங்கம்!

பலர் சாமி கும்பிட்டதும் திரும்பிவிடுகிறார்கள். ஊரைப் பார்ப்பதில்லை. கோயிலுக்கு ஏழு மதில்கள். வெளிச் சுற்றுகளில் வீடுகளும் கடைகளும் இருக்கின்றன. அதாவது, ஊரே கோயிலுக்குள் குடியிருக்கிறது! சித்திரை வீதிகள் நான்கு, உத்திர வீதிகள் நான்கு. எட்டையும் காலாற நடந்து பாருங்கள்.

236 அடி உயர ராஜகோபுரம் பல நூற்றாண்டுகள் மொட்டைக் கோபுரமாகவே நின்றது. அகோபில மடத்தின் 44-ஆவது ஜீயர் 1979-ல் வேலையைத் தொடங்கினார். 1987-ல் குடமுழுக்கு நடந்தது. மொட்டையாக நின்றதைப் பார்த்த பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

வாசல் கோலத்தை மிதிக்காதீர்கள். சாப்பிட்ட இலையை எவர் வீட்டுத் திண்ணையிலும் போடாதீர்கள்.

மலைக்கோட்டையா? அது அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு!