கோடிக் கணக்கு

கான்ஸ்டன்ஸ் ஏரி தெரியுமா? ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிஸ் மூன்றுக்கும் நடுவில் கிடப்பது. அங்கே மீனவர்களுக்குச் சோறு போட்டது வைட்ஃபிஷ். அது அருகிப்போய், 2024 ஜனவரியில் மூன்று வருடத் தடையே போட்டுவிட்டார்கள். இத்தனைக்கும் பொரிப்பகங்களிலிருந்து கோடிக்கணக்கில் குஞ்சுகளைக் கொட்டிய ஏரி அது!

காரணங்கள் பல. தண்ணீரில் பாஸ்பரஸ் குறைந்தது, 2016-ல் குவாகா சிப்பி வேறு வந்து சேர்ந்தது. ஆனால் அந்தக் 'கோடி' இருக்கிறதே, அதுதான் சிரிப்பு. பொரிந்த குஞ்சு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். 2010-களில் அங்கே பெருகிய ஸ்டிக்கிள்பேக் மீனுக்கு அது பலகாரம். பலகாரம் பரிமாறிவிட்டு "இத்தனை கோடி விட்டோம்" என்பது, கொள்முதலை எழுதி அதையே லாபம் என்று காட்டும் கணக்கு.

தொட்டியில் சில வாரம் ஊட்டி வளர்த்து விடலாமே? செலவாகும், உண்மைதான். உலர்தீவனம் சுலபம், ஆனால் அசையும் இரைக்குத்தான் குஞ்சு ஆசையாய்ப் பாயும். அதற்கு ஆர்ட்டீமியா வேண்டும் (நம்மூர் இறால் பொரிப்பகங்களிலும் இதுதான்). உப்புநீரில் ஒரு நாளில் பொரியும். பொரிந்த சூட்டோடு போட வேண்டும், தாமதித்தால் தன் சத்தைத் தானே தின்று தீர்த்துவிடும். ஆள் வேண்டும், பொறுமை வேண்டும். எண்ணிக்கையும் கோடியிலிருந்து லட்சத்துக்கு இறங்கும். இறங்கட்டுமே! வளர்ந்த குஞ்சு ஸ்டிக்கிள்பேக் வாயில் அவ்வளவு சுலபமாக அடங்காது.