கடல்ல தடை... கழிமுகத்துல கூட்டம்! கம்மாபுரம் குழம்புச் சட்டிக்கு வரும் கொடுவா தப்புமா?

கம்மாபுரம்:

கடலுக்கும் கம்மாபுரத்துக்கும் என்ன சம்பந்தம்னு கேட்பவர்கள் ஞாயித்துக்கிழமை குழம்புச் சட்டியை எட்டிப் பார்த்தால் போதும். விருத்தாசலத்தில் இருந்து கம்மாபுரம், சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியாகப் போகும் ரோடு முடியும் இடம் பரங்கிப்பேட்டை. வெள்ளாறு கடலில் கலக்கும் இடமும் அதே பரங்கிப்பேட்டைதான். ரோட்டு வழியாக மீன் இங்கே வருகிறது. ஆத்து வழியாக இந்தப் பக்கத்துத் தண்ணி அங்கே போகிறது.

இந்தக் கொடுக்கல் வாங்கல்தான் இப்போது சிக்கலில் மாட்டியிருக்கிறது.

61 நாள் தடை யாருக்கு?

வருஷா வருஷம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் மீன்பிடி தடைக்காலம். 2001-ல் 45 நாளாகத் தொடங்கிய தடை, 2017 முதல் 61 நாளாக நீட்டிக்கப்பட்டது. மீன் முட்டையிட்டு பெருகட்டும் என்பதுதான் நோக்கம். நல்ல விஷயம்தான்.

ஆனால் இந்தத் தடை விசைப்படகுகளுக்கு மட்டும்தான். நாட்டுப்படகுகளுக்கு கிடையாது. தூண்டிலுக்கும் வீச்சு வலைக்கும் கிடையாது. அந்த ரெண்டு மாசமும் பெரிய படகுகள் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும். மார்க்கெட்டில் மீனுக்கு தட்டுப்பாடு வரும், விலை எகிறும். அப்போது எல்லார் கண்ணும் திரும்புகிற இடம், பரங்கிப்பேட்டை, கிள்ளை, பிச்சாவரம் பக்கத்து ஆழமில்லாத கழிமுகத் தண்ணி.

முழங்கால் அளவு, மிஞ்சிப்போனால் இடுப்பு அளவு தண்ணி. அதில்தான் கொடுவா, மடவை, கிழங்கான், கெளுத்தி, இறால், நண்டு எல்லாம். கடலில் மீனுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, அதே மீனின் குஞ்சு வளரும் இடத்தில் கை வைத்தால் என்ன லாபம்?

தொட்டில் எங்கே இருக்கிறது?

இறால் முட்டையிடுவது கடலில். ஆனால் குஞ்சு இறால் கழிமுகத்துக்குள் புகுந்து, சேத்துத் தண்ணியில் சில மாசம் வளர்ந்துவிட்டுத்தான் மறுபடியும் கடலுக்குப் போகும். மடவையும் கடலுக்குப் போய் முட்டையிட்டு, குஞ்சுகள் உள்ளே வந்து வளரும். சேத்து நண்டும் அப்படித்தான், முட்டையைச் சுமக்கும் பெண் நண்டு முகத்துவாரம் தாண்டிக் கடலுக்கு இறங்கும்.

கொடுவாவின் கதை இன்னும் வேடிக்கை. பிறக்கும்போது ஆண். சில வருஷம் வளர்ந்த பிறகு பெண்ணாக மாறும். அதனால் ஒருத்தர் பெரிய கொடுவாவைத் தூக்கிப் பிடித்து போட்டோ எடுத்துப் போட்டால், அது பெரும்பாலும் தாய் மீன். அந்த ஒண்ணைப் பிடித்தால் லட்சக்கணக்கான முட்டையும் சேர்ந்தே போச்சு.

வெள்ளாற்று முகத்துக்கும் கொள்ளிடத்து முகத்துக்கும் நடுவில் இருக்கும் பிச்சாவரம் சுரபுன்னைக் காடுதான் இதற்கெல்லாம் தொட்டில். 1975-ல் வந்த 'இதயக்கனி' படத்தில் எம்.ஜி.ஆர். படகில் போவாரே, அதே காடுதான். 2022-ல் இந்தக் காடு உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு சுமார் 1,478 ஹெக்டேர். 2004 சுனாமியின்போது மரங்களுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று பின்னால் வந்த ஆய்வுகள் சொன்னதும் இந்தக் கடற்கரையை வைத்துத்தான்.

பருவத்துக்கு ஒரு தண்ணி

கழிமுகத்தில் மீன் பிடிக்கிறவர்களுக்கு காலண்டர் வேற. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி கடல் தண்ணி நல்லா ஏறும், நல்லா வத்தும். ஏத்தத்தோடு மீன் மேட்டுக்கு மேய வரும். வத்தும்போது வாய்க்காலுக்கு இறங்கும். இது தெரியாமல் நாள் முழுக்க தூண்டிலைப் போட்டாலும் வெறுங்கைதான்.

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை. வெள்ளாற்றில் செந்தண்ணி வந்தால் கழிமுகம் முழுக்க உப்பு இறங்கிவிடும். மீன்கள் முகத்துவாரம் பக்கம் ஒதுங்கும். உப்பும் நல்ல தண்ணியும் கலக்கிற கோட்டில் கொடுவா காத்துக் கிடக்கும், அடித்து வரும் சின்ன மீனைப் பிடிக்க.

தை முதல் பங்குனி வரை தண்ணி தெளியும். உப்பு பழையபடி ஏறும். வெயில் கடுமை இல்லை. மேட்டுத் தண்ணியில் மடவைக் கூட்டம் போவது கண்ணுக்கே தெரியும். தூண்டில்காரர்களுக்கு இதுதான் சீசன்.

சித்திரை, வைகாசியில் அக்னி நட்சத்திரம். ஆழமில்லாத தண்ணி கொதிக்கும், உப்பும் கூடும். பகலில் மீன் ஆழமான வாய்க்காலுக்குள் பதுங்கும். விடியலிலும் பொழுது சாயும்போதும்தான் மேலே வரும். ஆத்துத் தண்ணி வந்து தள்ளாததால் முகத்துவாரத்தில் மணல் மேடு போடும். இந்த நெருக்கடியான நேரத்தில்தான் கடலில் தடைக்காலமும் வருகிறது, கழிமுகத்தில் கூட்டமும் சேர்கிறது.

ஆடி, ஆவணியில் மேட்டூர் நிரம்பி கொள்ளிடத்தில் தண்ணி வந்தால் பிச்சாவரத்தின் தெற்குப் பக்கத்துக்கு உயிர் வரும். வராவிட்டால் மழை வரை காத்திருக்க வேண்டியதுதான்.

ராடு, ரீலோடு இளைஞர்கள்

முன்பெல்லாம் மூங்கில் கழியும் மண்புழுவும்தான். இப்போது யூடியூப் பார்த்து ராடு, ரீல், ரப்பர் மீன் என்று வாங்கி, லீவு நாளில் பைக்கில் கழிமுகத்துக்குப் போகும் இளைஞர்கள் இருக்கிறார்கள்.

வெளிநாட்டில் இதற்கு ஒரு படி மேலே போய்விட்டார்கள். கொக்கியில் இறகையும் நூலையும் கட்டி, பூச்சி மாதிரி, இறால் மாதிரி பொய் இரை செய்கிறார்கள். கனமான நூலைத் தலைக்கு மேல் சுழற்றி, முழங்கால் தண்ணியில் நின்றபடி, மீனைக் கண்ணால் பார்த்து, அதன் மூக்குக்கு முன்னால் கொண்டுபோய்ப் போடுகிறார்கள். பிடித்த மீனைத் திரும்ப விட்டுவிடுகிறார்கள். பஹாமாஸ், பெலீஸ், அமெரிக்காவின் புளோரிடா கடலோரங்களில் இது பெரிய தொழில். இதற்காகவே விமானம் ஏறி வருகிறார்கள். படகோட்டி, வழிகாட்டி, லாட்ஜ், சாப்பாடு என்று உள்ளூர்க்காரர்களுக்கு வருமானம்.

நம்ம பிச்சாவரத்திலும் இப்படிச் செய்யலாமே என்ற கேள்வி வருவது இயல்பு. ஆனால் அங்கே நடந்ததை முழுசாகப் பார்க்க வேண்டும்.

அங்கே யாருக்கு லாபம்?

பெலீஸ் நாடு 2009-ல் சட்டம் போட்டது. மேட்டுத் தண்ணியில் விளையாட்டுக்குப் பிடிக்கும் 3 வகை மீன்களைப் பிடித்தால் உயிரோடு விட்டுவிட வேண்டும். பஹாமாஸ் 2017-ல், வெளிநாட்டுத் தூண்டில்காரர்கள் லைசென்ஸ் வாங்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. மீன் உயிரோடு இருந்தால்தான் அடுத்த வருஷமும் ஆள் வரும் என்ற கணக்கு.

புளோரிடாவில் 1995-ல் செவுள் வலைக்கே தடை வந்தது. மக்கள் ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த தடை அது. தூண்டில்காரர்களுக்குக் கொண்டாட்டம். ஆனால் வலை போட்டுப் பிழைத்த சின்ன மீனவர்கள் தொழிலை இழந்தார்கள். சீடர் கீ என்ற ஊரில் அவர்களுக்கு மட்டி வளர்க்கப் பயிற்சி கொடுத்து மாற்றுத் தொழில் காட்டினார்கள். மாற்று வழி கிடைத்த ஊர் பிழைத்தது.

பாடம் இதுதான். மீனைக் காப்பாத்துகிறோம் என்று சொல்லி, அந்த மீனை நம்பி இருக்கும் ஏழையைக் கரையேத்தி விடக்கூடாது.

கையால் பிடிக்கிறவர்கள் கதி?

பிச்சாவரம் பக்கத்தில் இருளர் குடும்பங்கள் இருக்கின்றன. இவர்களில் பலர் வலை இல்லாமல், படகு இல்லாமல், சேத்துத் தண்ணியில் கையால் துழாவியே இறால் பிடிப்பவர்கள். பறியை வாயில் கவ்விக்கொண்டு மணிக்கணக்கில் தண்ணிக்குள் கிடப்பார்கள். அன்னன்னைக்குக் கிடைப்பதுதான் அன்னன்னைக்கு அடுப்பு.

இறால் குறைந்தால் முதல் அடி இவர்களுக்குத்தான். கொசுவலை மாதிரி சின்னக் கண்ணி வலையை வைத்துக் குஞ்சோடு அரிப்பவர்களால் பாதிக்கப்படுவதும் இவர்கள்தான். நாளைக்குச் சுற்றுலா தூண்டில் என்று ஏதாவது வந்தால், வழிகாட்டி வேலையில் முதல் உரிமை இவர்களுக்கு இருக்க வேண்டும். எந்த வாய்க்காலில் எந்த நேரம் எது மேயும் என்று இவர்களைவிடத் தெரிந்தவர் யார்?

பழியைக் கீழே மட்டும் போடலாமா?

பிடிப்பவர்கள் மேல் மட்டும் பழி போட்டுவிட்டுத் தப்பிக்க முடியாது. கழிமுகத்தின் உயிர் ஆத்துத் தண்ணியில் இருக்கிறது. அந்தத் தண்ணி வருவது நம்ம பக்கத்தில் இருந்து.

சேலம் மாவட்ட மலைப்பக்கத்தில் இருந்து வரும் வெள்ளாறு, மணிமுத்தாற்றையும் சேர்த்துக்கொண்டு சேத்தியாத்தோப்பு அணைக்கட்டுக்கு வருகிறது. விவசாயத்துக்குப் போனது போக மிச்சம்தான் கடலுக்கு. வருஷத்தில் பல மாசம் ஆறு வெறும் மணல். மழை வந்தாலும் ஒரேயடியாகக் கொட்டுகிறது. 2015 நவம்பரிலும், 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயலோடும் வந்த வெள்ளத்தைக் கடலூர் மாவட்டம் மறக்காது. ஒண்ணு காய்ச்சல், இல்லாவிட்டால் வெள்ளம் என்றால் குஞ்சு மீன் எங்கே நிக்கும்?

இன்னொரு பக்கம் பரவனாறு. நெய்வேலியில் நிலக்கரி எடுக்க, அடியில் அழுத்தத்தோடு இருக்கும் நிலத்தடி நீரை விடாமல் இறைத்தாக வேண்டும். இறைக்கும் தண்ணியில் ஒரு பகுதி வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி வழியாகப் பாசனத்துக்கு உதவுகிறது. பரவனாறு கடைசியில் கடலூர் உப்பனாற்றுப் பக்கம் போய்ச் சேருகிறது. 2023 ஜூலையில் வளையமாதேவி பகுதியில் என்.எல்.சி. சுரங்கத்துக்காகப் பரவனாற்று மாற்றுக் கால்வாய் வெட்ட, பயிர் நின்ற வயலில் எந்திரங்கள் இறங்கியது நாடே பார்த்த விஷயம். அன்றைக்குப் பேச்சு பயிருக்கும் நிலத்துக்கும் நஷ்டஈடு பற்றித்தான் இருந்தது. ஆறு போய்ச் சேரும் இடத்தில் மீன் என்ன ஆகும் என்று பேச ஆள் இல்லை.

அதே 2023-ல் நெய்வேலி சுற்றுவட்டாரத் தண்ணியில் மாசு இருப்பதாகப் பூவுலகின் நண்பர்கள் அமைப்பு அறிக்கை வெளியிட்டது. விஷயம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. குடிக்கும் தண்ணிக்குப் பரிசோதனை கேட்கிறோம். சாப்பிடுகிற மீனுக்கும் கேட்க வேண்டாமா?

என்ன செய்யலாம்?

அரசு செய்ய வேண்டியது நிறைய. வெள்ளாற்றிலும் உப்பனாற்றிலும் தண்ணியின் உப்பு அளவையும் மாசு அளவையும் மாசா மாசம் தமிழில் வெளியிடலாம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் பரங்கிப்பேட்டையிலேயே இருக்கிறது, ஆளுக்கும் அறிவுக்கும் பஞ்சம் இல்லை. கோடையில் முகத்துவாரம் அடைபடாமல் பார்த்துக்கொள்ளலாம். சின்னக் கண்ணி வலையைக் கண்டிப்பாகத் தடுக்கலாம். அப்படித் தடுக்கும்போது கைத்தொழிலாளிகளுக்கு வருமானத்துக்கு வழி செய்வதும் கட்டாயம்.

தூண்டில் போடப் போகிறவர்களும் சும்மா இருக்கக் கூடாது. ரொம்பப் பெரிய கொடுவா கிடைத்தால் விட்டுவிடுங்கள், நடுத்தர சைஸ் குழம்புக்குப் போதும். முட்டை நண்டைத் தண்ணியில் விடுங்கள். அறுந்த நரம்பைக் காட்டில் போடாதீர்கள், பறவை காலில் சுத்திக்கொள்ளும். பிச்சாவரம் காப்புக்காடு என்பதால் வனத்துறையிடம் கேட்காமல் உள்ளே நுழையாதீர்கள்.

இன்னொண்ணு. மேட்டுத் தண்ணியில் காலைத் தூக்கி வைத்து நடக்காதீர்கள், தேய்த்துத் தேய்த்து நடங்கள். மணலுக்குள் புதைந்து கிடக்கும் திருக்கை அப்போதுதான் விலகி ஓடும். குத்திவிட்டால் தாங்குகிற சூட்டில் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். நீச்சல் தெரியாதவர்கள் வாய்க்கால் ஓரம் போகவே வேண்டாம். மேடு முடியும் இடத்தில் சட்டென்று ஆழம் வரும்.

தடைக்காலத்தில் மீன் விலை ஏறினால் எல்லாரும் புலம்புகிறோம். ஆனால் ஏன் வருஷத்துக்கு வருஷம் சின்ன மீனாகவே கூடையில் வருகிறது என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டிய நேரம் இது. சேத்தியாத்தோப்பு அணைக்கட்டில் இருந்து ஒரு கோடைக்கு எவ்வளவு தண்ணி கடலுக்கு விடப்படுகிறது, அது கழிமுகத்துக்குப் போதுமா? கடலூர் மாவட்ட நிர்வாகம் இந்தக் கணக்கை வெளியிடட்டும். மீன் வாங்குகிற கம்மாபுரத்துக்கும், மீன் பிடிக்கிற கிள்ளைக்கும் அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை இருக்கிறது.